கண்டல் என்பது குலப்பெயர் அன்று

ஜாலான் புசார் பக்கத்து உணவங்காடி நிலையத்தில் ஐஸ் கச்சாங் வாங்கி உட்கார்ந்தால், துருவிய பனிக்கட்டிக் குன்றுக்கு அடியில் சோளமும் கருப்பு ஜெல்லியும் கிடக்கும் இடத்தில் கண்ணாடி போன்ற ஒரு விதை கரண்டியில் மாட்டும். நுங்கு போல வழுவழுப்பு, நுங்கைவிடக் கொஞ்சம் கெட்டி. ஊரில் நுங்கு தின்று வளர்ந்தவர்கள் முதல்முறை கடித்ததும் "இது நுங்குதானே?" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் 'அத்தாப் சீ' என்பார். அத்தாப்புக் கூரை வேய்ந்த கம்பத்து வீடுகளில் பிறந்த நம் மூத்தவர்களுக்கு அந்தப் பெயரே விடையைச் சொல்லிவிடும். கூரைக்கு ஓலை கொடுத்த நீப்பா மரத்தின் விதைதான் அது.

1830-களில் ஜாலான் புசார் சாலையைப் போட்டபோது, பாக்குத் தோப்புக்கும் நீப்பாத் தோப்புக்கும் நடுவேதான் போட்டார்கள். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்வான சதுப்பு நிலம் அது. இன்று அந்தச் சாலையில் ஓர் ஓலையைக்கூடக் காண முடியாது. கிண்ணத்துக்குள் மட்டும் அதன் விதை மிச்சமிருக்கிறது. 1819-இல் ராஃபிள்ஸ் வந்திறங்கிய காலத்தில் தீவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 13 விழுக்காடு இப்படிக் கடல்நீர் ஏறி இறங்கும் காடாக இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். இப்போது அது 1 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது.

அந்தக் காட்டுக்கு நம்மிடம் பல பெயர்கள் உண்டு. சதுப்புநிலக் காடு என்பது பாடநூல் பெயர். முத்துப்பேட்டைக்காரர்கள் அலையாத்திக் காடு என்பார்கள். அலையை ஆற்றுகிற காடு. மரத்தைச் சொல்லும் பழைய சொல் கண்டல். சரி, நீப்பாவும் இந்தக் காட்டு மரங்களில் ஒன்று என்றால், படங்களில் பார்க்கிற கண்டல் மரம் இப்படி இல்லையே என்ற கேள்வி வரும். படத்தில் இருப்பது சிலந்தி கால் விரித்தாற்போல வேர்களை ஊன்றி நிற்கும் மரம். நீப்பாவுக்கு வெளியே தெரியும் தண்டே கிடையாது. தண்டு சேற்றுக்குள் படுத்துக் கிளை பிரிந்து போகும், மேலே ஓலைகள் மட்டும் எழும்பி நிற்கும். இவை இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

மழை பெய்யும்போது சிராங்கூன் சாலையில் நின்று பாருங்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் குடை பிடித்திருப்பார்கள். குடையைப் பார்த்து, இவர்கள் எல்லாரும் ஒரு குடும்பம் என்று சொல்ல மாட்டோம். மழை எல்லாருக்கும் பொது, அதனால் குடையும் பொது. கண்டலும் அப்படித்தான். அது குலப்பெயர் அன்று, தொழிற்பெயர். உப்பும் சேறும் ஏற்ற இறக்க நீரும் இருக்கிற இடத்தில் பிழைக்கக் கற்றுக்கொண்ட எல்லா மரங்களுக்கும் சேர்த்து வைத்த பெயர். உலகில் சுமார் 70 இனங்கள் இந்தப் பெயருக்குள் வருகின்றன. அவை ஏறத்தாழ இருபது தாவரக் குடும்பங்களிலிருந்து தனித்தனியாகக் கடலோரத்துக்கு வந்து சேர்ந்தவை. வெவ்வேறு குலத்து உயிர்கள் ஒரே நெருக்கடிக்கு ஒரே மாதிரியான விடையை எட்டுவதை ஒருமுகப் பரிணாமம் என்கிறார்கள். சுறாவும் ஓங்கிலும் ஒரே வடிவில் இருப்பதும் இதனால்தான்.

இந்த மரங்களின் உண்மையான உறவினர் யார் என்று தேடினால், நம் லிட்டில் இந்தியாக் கடைகளிலேயே பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். இதை முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. பூக்கடையில் முழம் போட்டு விற்கிற கனகாம்பரமும், சேற்றில் பென்சில் நட்டது போல மூச்சுவேர் விடுகிற வெண்கண்டலும் ஒரே குடும்பம். இருமலுக்குக் கஷாயம் வைக்கிற ஆடாதோடையும் அதே வீட்டுப் பிள்ளைதான். மலாய்க்காரர்கள் பெரெபாட் என்று அழைக்கும் சொன்னரேஷியா மரத்துக்குப் பங்காளிகள் மருதாணியும் மாதுளையும். மாதுளம்பழத்தின் தலையில் கிரீடம் போல நிற்பது அதன் பூவின் புல்லிவட்டம். பெரெபாட் காயை எடுத்துப் பார்த்தால் அதன் காம்புப் பக்கம் அதே புல்லிவட்டம் நட்சத்திரமாக விரிந்திருக்கும். நீரே எனப்படும் மரம் வேம்பின் குடும்பம். நீப்பா, தென்னைக்கும் பாக்குக்கும் சொந்தம். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லை மரம் ஆமணக்கின் குடும்பம். கிளையை ஒடித்தால் கள்ளியைப் போலப் பால் வடிவதே அதற்குச் சாட்சி. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். மலாய் மொழியில் அதன் பெயர் புத்தா-புத்தா. புத்தா என்றால் குருடு. தில்லைவனம் என்று நாம் கும்பிட்ட மரத்தையே இன்னொரு கரையில் கண்ணைக் காத்துக்கொள்ளச் சொல்லிப் பெயரிட்டிருக்கிறார்கள். இரண்டு பெயரும் அந்த மரத்துக்குப் பொருந்தும்.

குடையைப் பார்த்து ஏமாறாமல் முகத்தைப் பார்க்கத் தாவரவியலாளர்கள் எங்கே பார்க்கிறார்கள்? பூவையும் காயையும். வேரும் இலையும் பிழைப்புக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். பூவின் கட்டமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மரபணு ஒப்பீடு வந்தபோது பூவைப் பார்த்துச் சொன்ன உறவுகளில் பெரும்பாலானவை உறுதியாயின, சில திருத்தப்பட்டன. வெண்கண்டலுக்கென்று தனிக் குடும்பமே வகுத்திருந்தார்கள். மரபணுதான் அதைக் கனகாம்பரத்தின் வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டது.

இருந்தாலும், கரையில் நிற்கும் நமக்கு முதலில் கண்ணில் படுவது வேர்தான். அங்கிருந்து தொடங்குவதில் தவறில்லை.

செடியின் வேரும் மூச்சு விடும் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் துளசி அழுகுவதற்கு வேர் மூச்சுத் திணறுவதே காரணம். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். நீரில் ஊறிய சேற்றுக்குள் விரற்கடை ஆழத்துக்குக் கீழே அது இல்லவே இல்லை என்று சொல்லலாம். சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருவதும் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்களின் வேலைதான். இப்படிப்பட்ட இடத்தில் மரம் பிழைக்க வேண்டுமென்றால் வேரை வெளியே நீட்டித்தான் மூச்சு வாங்க வேண்டும்.

இதை எப்படி உறுதி செய்தார்கள் என்பது அழகான கதை. 1955-இல் ஷோலாண்டர் என்ற உடலியலாளரும் அவருடைய குழுவினரும், ஊன்றுவேர்களின் மேற்பரப்பில் இருக்கும் மிகச் சிறிய மூச்சுத்துளைகளைப் பசைபோன்ற கொழுப்பைத் தடவி அடைத்தார்கள். அதற்கு முன் சேற்றுக்குள் இருந்த வேரின் உட்காற்றில் 15 முதல் 18 விழுக்காடு ஆக்சிஜன் இருந்தது. நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதைவிடச் சற்றே குறைவு. துளைகளை அடைத்த இரண்டே நாளில் அது 2 விழுக்காட்டுக்குச் சரிந்தது. மூக்கைப் பொத்திப் பார்க்கிற சோதனையைப் போன்றதுதான் இது. சேற்றுக்கு மேலே தெரிகிற வேர்தான் கீழே புதைந்த வேருக்கு மூக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இந்த மூக்கு நான்கு விதமாக வளர்ந்திருக்கிறது. தண்டிலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றும் கால்கள் இருந்தால் அது பெரும்பாலும் ரைசோபோரா. பிச்சாவரத்தில் சுரபுன்னை என்பார்கள், இங்கே பக்காவ். செங்காங் இலகு ரயில் பாதையில் ஒரு நிலையத்துக்கு இந்த மரத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சாத்தே வாட்டும் கரியும், மென்மண்ணில் கட்டடம் எழுப்பும்போது அடியில் இறக்கிய கட்டைகளும் இந்த மரம் கொடுத்தவை. சேற்றிலிருந்து மெல்லிய பென்சில்கள் நூற்றுக்கணக்கில் எழுந்து நின்றால் அது அவிசீனியா: ஊரில் வெண்கண்டல், கருங்கண்டல், இங்கே அப்பி-அப்பி. பாசிர் ரிஸ்ஸில் ஓடும் சுங்கை அப்பி அப்பி இந்த மரத்தின் பெயரைச் சுமக்கிறது. பென்சிலுக்குப் பதிலாக அடி பருத்த கூம்புகள் என்றால் பெரெபாட். வேர் சேற்றிலிருந்து எழும்பி, மடக்கிய முழங்கால் போல வளைந்து மறுபடி உள்ளே போனால் அது புருகேரா. முட்டிவேர் என்று அதைச் சொல்லலாம்.

ஆனால் வேரோடு நின்றுவிட்டால் தவறிவிடுவோம். அவிசீனியாவும் வயதானால் தண்டிலிருந்து சில ஊன்றுவேர் விடும். நெருங்கி வளர்ந்த இடத்தில் ஒரு மரத்தின் பென்சில் இன்னொரு மரத்தின் அடியில் முளைத்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பு நம் வாசலில் கிடப்பது போல. அதனால் அடுத்து இலைக்கு வர வேண்டும். குறிப்பாக, இலையின் அடிப்பக்கத்துக்கு.

அவிசீனியா இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளிறியிருக்கும். காற்று வீசும்போது தூரத்திலிருந்தே மரம் வெள்ளியடித்தது போல மின்னும். வெயில் நாளில் உற்றுப் பார்த்தால் பொடி உப்புத் தெரியும். இந்த மரம் உப்புநீரைக் குடித்துவிட்டு, கூடுதலான உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வியர்வையைப் போல வெளியேற்றுகிறது. ரைசோபோராவுக்கு அந்த வழக்கமில்லை. அது வாசலிலேயே நிறுத்திவிடும். வேரின் தோல் வடிகட்டியாகி உப்பில் பெரும்பகுதியை உள்ளே விடாது. அதன் இலை தடித்து, நுனியில் ஊசி போன்ற முள்ளோடு இருக்கும். அடிப்பக்கத்தில் மிளகுத்தூளை ஊதியது போலச் சிறு கரும்புள்ளிகள். புருகேராவில் அந்தப் புள்ளிகளும் இல்லை, ஊசி முனையும் இல்லை. பெரெபாட் இலை நுனி மழுங்கி, இரு பக்கமும் ஒரே நிறமாக இருக்கும். ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தால் மரத்தின் பெயரில் பாதி தெரிந்துவிடும். உப்போடு அந்த மரம் எப்படிக் கணக்குத் தீர்க்கிறது என்பதும் கூடவே தெரியும். அடையாளம் காண்பதில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

மீதிப் பாதிக்குப் பூவும் காயும் வேண்டும். பெரெபாட் பூ மாலையில் விரியும். ஷேவிங் தூரிகை போல மகரந்தத் தாள்கள் குவிந்திருக்கும். விடிவதற்குள் உதிரத் தொடங்கிவிடும். ஓரிரவு மட்டும் திறக்கும் கடைக்கு யார் வருவார்கள்? வௌவால்கள். நம்மவர்கள் தைப்பூசத்துக்குப் படியேறும் பத்துமலைக் குகைகளில் தங்கும் ஒருவகை வௌவால்கள், இரவில் கடலோரம் வரை பறந்துபோய் இந்தப் பூவின் தேனைக் குடித்துத் திரும்புகின்றன என்று 1970-களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். டுரியான் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வதும் அதே வௌவால்தான். சொன்னரேஷியாக் காட்டை அழித்தால் டுரியான் தோட்டக்காரருக்கும் நட்டம் வரும் என்ற எச்சரிக்கை அதிலிருந்துதான் எழுந்தது.

ரைசோபோராவும் புருகேராவும் பிள்ளை பெறும் விதமே வேறு. விதை மரத்திலிருந்து விழுவதற்கு முன்பே முளைத்து, பச்சை முருங்கைக்காய் போலத் தொங்கும். தாய் மரத்திலேயே முளைவிடுவதால் இதைப் பிள்ளை பெறுதல் என்றே சொல்கிறேன். அந்தக் குச்சியை முளைக்குச்சி எனலாம். கீழே விழுந்த முளைக்குச்சியின் தலையில் பூவின் புல்லிவட்டம் தொப்பியாக ஒட்டியிருந்தால் அது புருகேரா; தொப்பியை மரத்திலேயே விட்டுவிட்டு வெறுந்தலையோடு விழுந்திருந்தால் ரைசோபோரா. அவிசீனியாவின் காய் சிறியது. அதன் ஓர் இனத்தின் காய் பச்சை மிளகாய் போலவே இருக்கும்.

இனி ஒரே பேரினத்துக்குள்ளேயே பிரித்தறிய வேண்டும். பக்காவ் மீன்யாக், பக்காவ் குராப் என இரண்டு ரைசோபோரா. முதல் இனத்தில் பூக்கள் இரண்டிரண்டாக, குட்டையான தடித்த காம்பில், இலைகளுக்குக் கீழே வெறுங்கிளையில் இருக்கும். இரண்டாவதில் நீண்ட காம்பில் பல பூக்கள் தொங்கும்; இதழ் ஓரம் மயிரடர்ந்திருக்கும்; முளைக்குச்சி அரை மீட்டரைத் தாண்டும். குராப் என்றால் மலாயில் தோல் படை. அந்த மரத்தின் பட்டை அப்படித்தான் சொரசொரப்பாக இருக்கும். மலாய் மீனவர்கள் பட்டையைப் பார்த்துப் பிரித்ததைத் தாவரவியலாளர்கள் பூவை எண்ணிப் பிரித்தார்கள். இருவரும் ஒரே கோட்டைத்தான் கிழித்திருக்கிறார்கள்.

அந்தக் கோட்டின் மேலேயே ஒரு மரம் நின்றால் என்ன செய்வது? சிதம்பரத்துக்குப் பக்கத்துப் பிச்சாவரத்தில் அப்படி ஒரு மரம் நின்றது. பூக்களின் எண்ணிக்கையும் காம்பின் நீளமும் இரண்டு இனங்களுக்கும் நடுவே இருந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கதிரேசன் 1995-இல் அதைப் புதிய இனமாக விவரித்து, பல்கலைக்கழகத்தின் பெயராலேயே 'ரைசோபோரா அண்ணாமலயானா' என்று பெயரிட்டார். இரண்டு ஆண்டு கழித்துச் சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தினர் அதன் மரபுப் பொருளை ஆராய்ந்து, அது அந்த இரண்டு இனங்களின் கலப்பில் பிறந்த பிள்ளை என்று காட்டினார்கள். அந்த மரம் பூக்கும். முளைக்குச்சி தருவது அபூர்வம்.

சிங்கப்பூரில் வளரும் இன்னொரு மரத்தின் கதை இதைவிட நீளம். புருகேரா ஹைனேசியை, பட்டையில் கண் போன்ற பெரிய மூச்சுத்துளைகள் இருப்பதால் 'பெருஸ் மாத்தா புவாயா', அதாவது முதலைக்கண் பெருஸ் என்கிறார்கள். 1919-இல் அது தனி இனமாக விவரிக்கப்பட்டது. வளர்ந்த மரங்கள் உலகம் முழுவதிலும் 200-க்குச் சற்று மேல்தான் தெரியவந்திருந்தன; அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் உலகப் பட்டியலில் அது மிகக் கடுமையான ஆபத்து வரிசையில் இருந்தது. ஆனால் அதன் முகமும் இடைப்பட்டதாகவே இருந்தது. ஒருபக்கம், பெரிய சிவந்த புல்லிவட்டத்தோடு ஒற்றைப் பூ விடும் தூமூ. மறுபக்கம், சின்ன வெளிர்பச்சைப் பூக்களை மும்மூன்றாக விடும் புருகேரா சிலிண்டிரிக்கா, ஊரில் பண்ணுக்குச்சி என்பார்களே அது.

2016-இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து இடங்களிலிருந்து ஒன்பது மரங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மரமும் ஒரு மரபணுவின் இரண்டு படிகளை வைத்திருக்கும். ஒன்று தாய் தந்தது, ஒன்று தந்தை தந்தது. ஒன்பது மரங்களிலும் ஒரு படி பண்ணுக்குச்சியோடு பொருந்தியது, மற்றது தூமூவோடு பொருந்தியது. ஒன்றுகூட விலக்கில்லை. அப்படியானால் தாய் யார், தந்தை யார்? இலையைப் பச்சையாக்கும் பசுங்கணிகத்துக்குள் தனியாக ஒரு சிறு மரபுத் தொகுதி உண்டு. இந்த மரங்களில் அது தாய்வழியாக மட்டுமே வரும். பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து மகளுக்கும் கைமாறும் தாலிக்கொடி போல. ஒன்பது மரங்களிலும் அது பண்ணுக்குச்சியுடையதாகவே இருந்தது. ஆக, தாய் பண்ணுக்குச்சி, தந்தை தூமூ. அந்தப் பசுங்கணிக மரபு இடத்துக்கு இடம் இரு வகையாக இருந்ததால், இந்தக் கலப்பு ஒரே ஒருமுறை நடந்து பரவியதன்று, இரு இனமும் சந்திக்கும் வெவ்வேறு கரைகளில் தனித்தனியே நடந்திருக்கிறது என்றும் அறிந்தார்கள்.

97 ஆண்டுகள் தனி இனமாக இருந்தது கலப்பினமாகிவிட்டது. ஆபத்துப் பட்டியல் பொதுவாகக் கலப்பினங்களைச் சேர்ப்பதில்லை என்பதால், அதன் இடத்தை மறுபடி யோசிக்க வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். என் கருத்தில், அது கலப்பினமாகிவிட்டதால் அதன் மதிப்புக் குறையவில்லை. பெற்றோர் இருவரும் ஒரே கரையில் போதிய எண்ணிக்கையில் நின்றால்தான் அப்படி ஒரு பிள்ளை பிறக்கும்.

இவ்வளவு நுணுக்கமாகப் பெயர் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் பிலிப்பீன்ஸைத்தான் காட்டுவேன். அங்கே பல ஆண்டுகளாகக் கடலோரத்தில் கண்டல் நட்டார்கள். முளைக்குச்சியை ஊன்றினாலே போதும் என்பதால் ரைசோபோராவைத்தான் பெரும்பாலும் நட்டார்கள். அதுவும் கடலை நேரே பார்க்கிற தாழ்ந்த சேற்றில். இயற்கையில் அவிசீனியாவும் சொன்னரேஷியாவும் நிற்கும் இடம் அது. கன்றுகள் திரள்திரளாக மடிந்தன. 'கண்டல் நடுகிறோம்' என்ற வாக்கியத்தில் எந்தக் கண்டல் என்ற கேள்வி இல்லாவிட்டால் உழைப்பும் பணமும் அலையோடு போய்விடும். முத்துப்பேட்டையிலும் சரி, சிங்கப்பூரிலும் சரி, நடுவதற்கு வருகிற தொண்டூழியர்களுக்கு முதலில் ஓர் இலையைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்பேன்.

பாசிர் ரிஸ் பூங்காவுக்குள் கண்டல் காட்டின் நடுவே ஒரு மரப்பலகைப் பாதை இருக்கிறது. நீர் இறங்கியிருக்கும் நேரம் பார்த்துப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். முதலில் வேர், அடுத்து இலையின் அடிப்பக்கம், பிறகு பூ. மூன்றும் ஒத்துப்போகும்வரை பெயர் சொல்ல வேண்டாம். எதையும் பறிக்க வேண்டியதில்லை. இலையைக் கிளையில் இருக்கும்போதே திருப்பிப் பார்க்கலாம். சிவந்து உதிரும் இலைகளோடு ஒரு மரம் நின்றால் மட்டும் தொடாதீர்கள். தில்லையாக இருக்கலாம்.